அடைத்தவன் தர வேண்டிய தரை

1

திறந்தவெளியில் திரியும் கோழி தன் எச்சத்தின் மீது வாழ்வதில்லை. போட்ட இடத்தில் போட்டுவிட்டு நடந்துவிடும். வெயில் அதைக் காயவைக்கும், மழை கரைக்கும், மிச்சத்தை மண்ணில் இருக்கிற புழுவும் பூச்சியும் பார்த்துக்கொள்ளும். கோழிக்குச் சுகாதாரம் என்று தனியாக ஒன்று தேவைப்படாததற்குக் காரணம் அது சுத்தமான பிராணி என்பதல்ல. அதற்குக் கால்கள் இருக்கின்றன, எதிரே நிலம் இருக்கிறது. அவ்வளவுதான்.

அதைச் சுற்றி நான்கு பக்கமும் வலை கட்டி, மேலே தகரம் போட்டு, கதவுக்குக் கொக்கி மாட்டிய நொடியில் இந்த ஏற்பாடு முடிந்துபோகிறது. இனி அது எங்கே நடந்தாலும் நேற்றைய எச்சத்தின் மேல்தான் நடக்கவேண்டும். அதுவரை தரை யாருடைய பொறுப்பும் அல்ல. இப்போது அது ஒருவருடைய பொறுப்பு. கொக்கி மாட்டியவருடையது.

ஓர் உயிரிடமிருந்து விலகிப்போகும் வாய்ப்பை நான் எடுத்துக்கொண்டால், பதிலுக்கு அதற்கு என்ன கடன்படுகிறேன்? தீனி, தண்ணீர், தடுப்பூசி என்று சட்டென்று சொல்லிவிடலாம். அவை கொடுக்கும்போது கண்ணுக்குத் தெரிகிற பொருட்கள்; கொடுத்த திருப்தியும் உடனே கிடைக்கும். தரை அப்படி இல்லை. அதை யாரும் கொடுப்பதாக நினைப்பதில்லை, அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது. ஆனால் அடைபட்ட உயிரின் உடம்பை இரவும் பகலும் தொட்டுக்கொண்டிருப்பது அதுதான். மழைக்காலம் வந்தால் அந்தக் கடனைப் புறக்கணிக்க முடியாது. அதுவே நாறத் தொடங்கிவிடும்.

2

வேங்கிக்காலில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் இருபது கோழிகள் இருக்கின்றன. பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம். மேலே தகர ஷீட், பக்கங்களில் வலை, கீழே மண்தரை. அதன் மேல் உமியும் மல்லாட்டைத் தோலுமாக அரையடிக்குக் கூளம். எனக்குத் தொழில் நிரல் எழுதுவது. காலையும் மாலையும் கொஞ்ச நேரம் இந்தக் கூளத்தோடு போகும். முட்டை வீட்டுக்கு, மிஞ்சினால் தெருவுக்கு. சேவல்கள் பெருகினால் குழம்புக்கு. இதை மறைத்துவிட்டு அறம் பேசுவது சரியாக இருக்காது.

ஏன் அடைத்து வைக்கவேண்டும்? பக்கத்து வீட்டு ஆயாவுக்கு அடைப்பதே வேடிக்கை. "எங்க காலத்துல காலைல கூடையத் தூக்கினா ஏரிக்கரை வரைக்கும் மேஞ்சுட்டு, பொழுது சாய அதுங்களா வந்து நிக்கும்" என்பார். அந்த வேங்கிக்கால் இப்போது இல்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. அதைச் சுற்றி அலுவலகங்களும் நகர்களும் வந்தன. கழனிகள் மனைகளாயின. 2024இல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனபோது, ஊராட்சியாக இருந்த வேங்கிக்காலும் அதற்குள் போய்விட்டது. ஏரி இருக்கிறது, மழைக்காலத்தில் நிரம்பி வழிந்து தெருக்களுக்கு வந்து, தான் இருப்பதை நினைவூட்டும். கோழியைத் திறந்துவிட்டால் வண்டி, தெருநாய், கீரி, பருந்து, அடுத்த வீட்டுக் கீரைப் பாத்தி, அதையொட்டி வரும் சண்டை.

ஆகவே பாதுகாப்புக்காக அடைக்கிறேன். இது உண்மை. ஆனால் அடைப்பவர்கள் எல்லோரும் சொல்லும் உண்மையும் இதுவே. ஆறு மணிக்கு விடுதிக் கதவைப் பூட்டும் வார்டனும், பெண்ணை வெளியூர் வேலைக்கு அனுப்பாத அப்பாவும் பொய் சொல்வதில்லை; வெளியே நிஜமாகவே நாய்கள் இருக்கின்றன. பாதுகாப்பு என்ற சொல்லில் எனக்கு இருக்கும் சிக்கல் வேறு. அந்தச் சொல்லைச் சொன்னதும் கணக்கு முடிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். என் பார்வையில் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. வெளியே இருக்கும் ஆபத்து நான் உண்டாக்கியதல்ல. உள்ளே இருக்கும் தரை நான் உண்டாக்கியது.

3

அடைத்த கோழியின் எச்சத்தை என்ன செய்வது? மூன்று விடைகள் உண்டு.

முதலாவது, தரையையே எடுத்துவிடுவது. நாமக்கல்லின் பெரிய முட்டைப் பண்ணைகளில் இருக்கும் கூண்டுமுறை இதுதான். கோழி கம்பிகளின் மேல் நிற்கும். கம்பி லேசாகச் சாய்ந்திருப்பதால் முட்டை உருண்டு முன்னால் வந்துவிடும், எச்சம் இடைவெளி வழியே கீழே விழும். கோழியின் கால் எச்சத்தைத் தொடுவதே இல்லை. எச்சத்தின் வழியே பரவும் ஒட்டுண்ணிகள் குறைவு. முட்டையும் மலிவு. பள்ளிப் பிள்ளையின் சத்துணவுத் தட்டில் விழும் முட்டைக்குப் பின்னால் இந்தக் கம்பி இருக்கிறது என்பதை மறந்துவிட்டுக் கூண்டைத் திட்டுவது எளிது. நான் திட்டவரவில்லை. ஆனால் அளவைப் பார்க்கவேண்டும். இந்தியாவில் கூண்டுக்கோழி ஒன்றுக்கு நெடுங்காலம் வழக்கமாகச் சொல்லப்பட்டுவந்த இடம் 450 சதுர சென்டிமீட்டர். அலுவலகத்தில் அச்செடுக்கிற ஏ4 தாளின் பரப்பு 620 சதுர சென்டிமீட்டருக்கும் மேல். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், நியாயமான அசைவுக்கு இடம்தராத கூண்டில் விலங்கை அடைப்பதைக் குற்றம் என்கிறது. இந்தியச் சட்ட ஆணையம் 2017 ஜூலையில் வெளியிட்ட 269ஆவது அறிக்கையை முட்டைக்கோழி, கறிக்கோழி வளர்ப்புக்காகவே எழுதியது. கூண்டுமுறைக்கு எதிராகப் பேசியது. ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் முடிவெடுத்து 2012 ஜனவரியில் பழையவகைக் கூண்டுகளை நிறுத்தியது. இங்கே இன்னும் பேச்சு நடக்கிறது.

இரண்டாவது விடை, தினமும் கூட்டிக் கழுவுவது. சிமென்ட் தரை, துடைப்பம், தண்ணீர். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் கழுவிய தண்ணீர் எங்கோ போகவேண்டும், கூட்டியதை யாரோ எடுக்கவேண்டும். அந்த "எங்கோ", "யாரோ" பற்றிப் பின்னால் வருகிறேன். மழைக்காலத்தில் கழுவிய சிமென்ட் காய்வதும் இல்லை. சுத்தமான ஈரத்தில் கோழி நிற்கும்.

மூன்றாவது விடை ஆழ்கூளம். எச்சத்தை எடுப்பதில்லை. அதன்மேல் உலர்ந்த கூளத்தைப் போட்டு, கிளறி, மறுபடி போட்டு, மாதக்கணக்கில் அங்கேயே மட்கவிடுவது. முதன்முறை கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். "அப்ப க்ளீன் பண்ணவே மாட்டியா?" என்று கேட்ட நண்பர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குள் சுத்தம் என்றால் அகற்றுவது என்ற முடிவு ஏற்கெனவே இருக்கிறது. அதைத்தான் கொஞ்சம் கிளறிப் பார்க்கவேண்டும்.

4

1940களில் அமெரிக்காவின் ஓஹாயோ வேளாண் ஆய்வு நிலையத்தில் கென்னார்ட், சேம்பர்லின் என்ற இருவர் கோழிக் கூளத்தை அடிக்கடி மாற்றாமல் அடுக்கிக்கொண்டே போனால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். கூளத்தைப் புதிதாக மாற்றிவந்த முந்தைய மூன்று ஆண்டுகளில் குஞ்சுகளின் சாவு சராசரியாக 19 சதவீதம். பழைய கூளத்திலேயே வளர்த்த அடுத்த மூன்று ஆண்டுகளில் 7 சதவீதம். அழுக்கில் வளர்ந்தவை அதிகம் பிழைத்தன. காரணங்கள் பிறகு மெல்லப் புரிந்தன. ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமி சிறிய அளவில் உடம்புக்குள் போகும்போது குஞ்சு எதிர்ப்புச் சக்தி பெறுகிறது. பழகிய கூளத்தில் வாழும் நுண்ணுயிர்கள் தீய கிருமிகளுக்கு இடம் தருவதில்லை. 1948இல் பிரித்தெடுக்கப்பட்ட பி12 வைட்டமினை உண்டாக்குவதும் நுண்ணுயிர்களே. கூளத்தைக் கொத்தும் கோழிக்கு அது காலடியிலேயே கிடைத்துவிடுகிறது.

ஆனால் பழைய கூளம் என்றாலே நல்ல கூளம் ஆகிவிடாது. கோழி எச்சத்தில் தழைச்சத்து மிக அதிகம், கரி குறைவு. உமியிலும் மல்லாட்டைத் தோலிலும் கரி அதிகம். இரண்டும் கலந்து, இடையில் காற்றும் இருந்தால் மட்கும். காற்று போய் ஈரம் ஏறினால் அதே இரண்டும் அழுகும். மட்குவதற்கும் அழுகுவதற்கும் பொருள் ஒன்றே. மட்கிய கூளத்தில் மழை பெய்த மண்ணின் வாசனை வரும், அழுகியதில் கண்ணெரியும். எது நடக்கும் என்பதை முடிவுசெய்வது ஈரமும் கிளறலும்.

ஈரத்துக்குக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். முட்டையிடும் பெட்டை ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் எச்சமிடும். அதில் முக்கால் பங்கு தண்ணீர். இருபது கோழிக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர், மாதத்துக்கு நாற்பத்தைந்து லிட்டர். இரண்டு பெரிய குடம் தண்ணீரை அந்தத் தரையில் ஊற்றியதற்குச் சமம். கோடையில் இது தானாகப் போய்விடும். கூளம் புழுதியாகாமல் பார்த்துக்கொள்வதுதான் அப்போது வேலை.

குளிர்காலம் என்றால் பனி நாட்டுக்காரர்களுக்கு உறைவது. நமக்கு ஊறுவது. ஐப்பசியில் மழையாகத் தொடங்கி, கார்த்திகையில் அடைமழையாகி, மார்கழியில் விடிகாலைப் பனியாக முடியும். காற்றிலேயே ஈரம் நிற்பதால் கூளத்தின் ஈரம் வெளியேற வழியில்லை. தகர ஷீட்டின் அடியில் இரவெல்லாம் நீர் கோத்துச் சொட்டும். ஓரங்களில் சாரல். எந்தப் பருவத்திலும் பெரிய குற்றவாளி தண்ணீர்த் தொட்டிதான்: கோழி அதைத் தட்டிவிடும், சிந்தும், சுற்றிலும் ஒரு வட்டம் கறுத்துக் கட்டிதட்டும். தொட்டியின் விளிம்பைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கிவைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். மற்ற மாதங்களில் வாரம் இரண்டு முறை கிளறினால் போதும், கார்த்திகையில் தினமும். கட்டிதட்டியதை வாரி வெளியே எடுத்துவிட்டு உலர்ந்த உமி போடவேண்டும். அதற்காகப் புரட்டாசியிலேயே நாலைந்து மூட்டை உமியை நனையாமல் எடுத்துவைக்கவேண்டும்; மழை தொடங்கிய பிறகு ரைஸ் மில்லில் கிடைப்பது ஈர உமிதான். சுண்ணாம்பு தூவினால் ஈரத்தை வாங்கும். ஆனால் அது காரத்தைக் கூட்டுவதால் அம்மோனியாவை வெளியே தள்ளவும் செய்யும். ஆகவே கொஞ்சமாக.

கிளறுவதில் பாதியைக் கோழிகளே செய்கின்றன. கையளவு கம்பையோ சோளத்தையோ கூளத்தில் வீசினால் போதும், அரை மணி நேரம் சீய்த்துத் தள்ளிவிடும். சீய்ப்பது கோழியின் உடம்போடு பிறந்த ஆசை. கம்பியின் மேல் நிற்கும் கோழிக்கு அடியில் சீய்க்க எதுவும் இல்லை, கால் மட்டும் அசையும். குறுந்தொகையில் ஒரு புலவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. குப்பையில் சண்டையிடும் கோழியை அவர் உவமையாக்கியதால் குப்பைக்கோழியார் என்றே அவரைக் குறித்துவைத்திருக்கிறார்கள். கோழியையும் குப்பையையும் சேர்த்தே பார்க்கும் பழக்கம் நமக்கு அத்தனை பழையது. நவீனப் பண்ணை அந்த இரண்டையும் பிரித்தது.

5

பனி இறங்கியதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது படுதாவை இறக்கிவிடலாம் என்பது. சாக்குப் படுதா, தார்ப்பாய், பழைய பேனர். "பாவம், குளிருமே." நமக்குக் குளிர்கிறது, அதனால் கோழிக்கும் குளிரும். ஆனால் கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரியை ஒட்டி இருக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு அடுத்ததோடு ஒட்டி உட்கார்ந்தால், நம் ஊர் மார்கழிக் குளிரை வளர்ந்த கோழி தாங்கிக்கொள்ளும். அதனால் தாங்கமுடியாதது ஈரமும் அடைபட்ட காற்றும். நாலு பக்கமும் படுதாவை இறக்கி மூடினால் மூச்சுக்காற்றின் ஈரமும் எச்சத்தின் அம்மோனியாவும் உள்ளேயே நிற்கும். மூச்சுக்குழாய் புண்படும், சளி பிடிக்கும், வெள்ளைக் கழிச்சல் போன்ற நோய் எளிதில் நுழையும். சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் மறைத்து, கூரையை ஒட்டி ஓரடி திறந்துவைப்பதே சரியானது.

எனக்கு இந்தப் படுதா முக்கியமான விஷயமாகத் தோன்றுகிறது. இரக்கம் இல்லாததால் வரும் கெடுதலைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இங்கே கெடுதல் இரக்கத்தின் வழியாகவே வருகிறது. என் குளிரை அதன்மேல் போர்த்திவிட்டு, அதற்கு வேண்டிய காற்றை எடுத்துவிடுகிறேன். இன்னோர் உயிரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கவேண்டும் என்பது நல்ல அறிவுரைதான். ஆனால் அந்த இடத்துக்கு நம் உடம்பையும் கூடவே கொண்டுபோய்விடுகிறோம்.

அப்படியென்றால் அதன் இடம் எது? இதற்கு ஆயாவிடம் ஒரு பதில் இருக்கிறது. "நின்னுக்கிட்டு மோந்தா உனக்கு இன்னா தெரியும்? மூக்கைக் கீழ வெச்சுப் பாரு." கோழியின் மூக்கு தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கிறது, என்னுடையது ஐந்தடிக்கு மேல். அம்மோனியா கிளம்புவது கூளத்தில். நிற்கும் உயரத்தில் காற்று நன்றாகவே இருக்கும், மண்டியிட்டால் வேறு செய்தி வரும். 25 பிபிஎம்முக்கு மேல் போனால் கோழிக்குக் கெடுதல் என்று வளர்ப்பு நூல்கள் சொல்கின்றன. அந்த அளவில் மனித மூக்குக்கும் நெடி தெரியும், ஆனால் முதல் சில நிமிடங்களுக்குத்தான். பிறகு மூக்கு பழகிவிடும். தினமும் உள்ளே போகிறவருக்கு நெடி மெதுவாக ஏறும்போது தெரியாமலே போகலாம். அக்கறையோடு அங்கேயே இருப்பவர்தான் அதை முதலில் தவறவிடுகிறவராகவும் இருக்கிறார்.

மென்பொருள்காரனுக்கு இங்கே உடனே கை அரிக்கும். ஒரு சென்சார் வைத்துவிடலாமே? எம்க்யூ 135 மலிவாகக் கிடைக்கிறது. ஒரு சின்ன போர்டில் மாட்டி போனுக்கு எண்ணை அனுப்பவைப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு நன்மை, அது பழகிப்போவதில்லை. ஒரு தீமை, அம்மோனியாவுக்கும் அடுப்புப் புகைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. காற்றின் ஈரம் ஏறினால் எண்ணும் தடுமாறும். எந்த வாரத்தில் அது அதிகம் தேவையோ அந்த வாரத்தில்தான் அதை அதிகம் நம்பமுடியாது. எனவே அது சத்தம்போட்டால் நான் போய் மண்டியிடுகிறேன், சத்தம்போடாவிட்டாலும் மண்டியிடுகிறேன். வெளியூரிலிருந்து யாராவது வந்தால் அவர்களையும் ஒருமுறை உள்ளே அழைத்துப்போய் முகத்தைப் பார்ப்பேன். பழகாத மூக்கு எனக்கு வேண்டும். குடும்பத்துக்கும் அலுவலகத்துக்கும்கூட இது பொருந்தும் என்று நினைக்கிறேன். உள்ளே இருப்பவர்கள் "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது பெரும்பாலும் பொய்யல்ல. மூக்கு பழகிவிட்டது.

6

அந்த "யாரோ"வுக்கு வருகிறேன்.

நான் மாதத்தில் நாலைந்து நாட்கள் பெங்களூர் போகவேண்டியிருக்கும். கொக்கி மாட்டியது நான், கிளறுவது அந்த நாட்களில் வேறொருவர். கடனை நான் வாங்கிவிட்டு இன்னொருவர் கையால் கட்டுவதுபோல. கூலி கொடுத்துவிட்டால் கேள்வி முடிந்துவிடுமா? நம் நாட்டில் முடியாது. இங்கே அழுக்கை அகற்றுவது என்பது வெறும் வேலையாக இருந்ததே இல்லை. யார் அகற்றவேண்டும் என்பது பிறப்பில் முடிவுசெய்யப்பட்டது. ஒரு வீட்டின் சுத்தத்துக்கு ஒரு சேரி தேவைப்பட்டது. கையால் மலம் அள்ளுவதை 1993லும் பிறகு இன்னும் விரிவாக 2013லும் சட்டம் போட்டுத் தடைசெய்தோம். அதன் பிறகும் மலக்குழிக்குள் இறங்கி மூச்சுத்திணறிச் செத்தவர்களின் செய்தி நிற்கவில்லை. அந்தக் குழியைத் தோண்டியவர்களுக்கு அதற்குள் ஒருநாள் ஒரு மனிதர் இறங்கவேண்டியிருக்கும் என்று தெரியாதா? தெரியும். அந்த மனிதர் தாம் அல்ல என்பதும் தெரியும்.

கண்ணிலிருந்து விலக்குவதைச் சுத்தம் என்று வைத்துக்கொண்டால், விலக்கப்பட்டது எங்கோ சேர்ந்து, காற்றில்லாமல் அழுகி, யாரும் தொடமுடியாத ஒன்றாக ஆகிறது. பிறகு அதைத் தொடுவதற்கென்று மனிதர்கள் தேவைப்படுகிறார்கள். ஆழ்கூளத்தில் எனக்குப் பிடித்தது இதன் நேரெதிர். அங்கே வேலையின் நோக்கமே எச்சத்தைத் தொடக்கூடியதாக ஆக்குவது. கூளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் முறையும் அதுவே. ஒரு பிடி அள்ளி இறுக்கவேண்டும். கையைத் திறந்ததும் உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். பிடிக்கவே பிடிக்காமல் விரலிடுக்கில் புழுதியாகப் பறந்தால் வறட்சி. லேசாகச் சேர்ந்து, பிறகு தானே உதிர்ந்தால் சரி. வெறும் கையால் செய்யும் சோதனை இது. சோப்பு போட்டுக் கழுவினால் போதும்.

அதனால் நான் வைத்துக்கொண்ட விதி எளிமையானது. நான் வெறும் கையால் தொடத் தயங்கும் நிலையில் கூளத்தை விட்டுவிட்டு இன்னொருவரைக் கிளறச் சொல்வதில்லை. பெங்களூர் போவதற்கு முந்தைய நாள் கட்டிகளை நானே எடுத்து, உலர்ந்த உமி போட்டு, ஒரு பிடி இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் போவது. ஆயாவின் பேரன் வந்து கிளறுவான். அவனுக்குக் கூலியும் முட்டையும். அவன் செய்வது வேலையாக இருக்கவேண்டும், இழிவாக இருக்கக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது கூலியின் அளவு மட்டுமல்ல, முந்தைய நாள் என் கை என்ன செய்தது என்பதும்தான்.

7

"கோழிக்கு இவ்ளோ யோசிக்கணுமாடா? மனுஷனுக்கே இங்க நாதியில்ல" என்று ஒரு நண்பன் கேட்டான். கேலிக்காகக் கேட்கவில்லை. அது 2024 டிசம்பர்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. அடுத்த நாள் திருவண்ணாமலையில் விடாத மழை. அன்று மாலை, தீபம் ஏற்றும் அதே மலையின் சரிவில், வ.உ.சி. நகரில் மண் சரிந்து பாறை உருண்டு ஒரு வீட்டை மூடியது. ஏழு பேர் இறந்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். மீட்புப் படையினர் நாட்கணக்கில் தோண்டினார்கள். பன்னிரண்டு நாள் கழித்துக் கார்த்திகை தீபம் ஏற்றப்பட்டது. அந்த ஆண்டு பக்தர்களை மலையேற விடவில்லை.

அந்த வாரம் நானும் காலையும் மாலையும் கூளத்தைக் கிளறிக்கொண்டுதான் இருந்தேன். நண்பனின் கேள்விக்கு நியாயம் உண்டு. அன்பு அளவானதுதான், அதைக் கோழிக்குக் கொடுத்தால் மனிதருக்குக் குறையும் என்பது அவன் வாதம். எனக்கு அனுபவம் அப்படி இல்லை. அந்த நாட்களில் ஊரில் அதிகம் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு: "மலையடிவாரத்துல ஏன் வீடு கட்டினாங்க?" கூளத்தைக் கிளறும் கையோடு அதைக் கேட்டால் அந்த வாக்கியம் வேறு மாதிரி ஒலிக்கும். ஈரத்தரையில் ஏன் நிற்கிறாய் என்று கோழியைக் கேட்பதுபோல. நிலத்தின் விலையும் கூலியின் அளவும் ஒரு வலைதான். அந்த வலைக்குள் மிச்சமிருக்கும் இடத்தில் மனிதர்கள் வீடு கட்டுகிறார்கள். ஏன் அங்கே நின்றார்கள் என்பதை விட, அவர்கள் நிற்க வேறு எந்தத் தரை விட்டுவைக்கப்பட்டது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இந்த ஒப்பீடு ஒரு எல்லைக்கு மேல் போகக்கூடாது. மனிதர்கள் கோழிகள் அல்ல. அவர்களுக்குப் பேச்சு உண்டு, ஓட்டு உண்டு, சாலையை மறிக்கத் தெரியும். கோழிக்கு நல்ல தரை கொடுத்தால் கடன் அன்றைக்குத் தீர்கிறது. மனிதருக்கு நல்ல தரையை மட்டும் கொடுத்துவிட்டு, எந்தத் தரை என்று முடிவுசெய்யும் உரிமையைக் கையில் வைத்துக்கொள்வது அவரைக் கோழியாக்குவது. மறுகுடியமர்த்தல் என்ற பெயரில் ஊருக்கு வெளியே அடுக்கு வீடு கொடுக்கும்போதெல்லாம் அரசுகள் இதைத்தான் செய்கின்றன. பளிச்சென்ற சிமென்ட் தரை, ஆனால் வேலைக்குப் போக இரண்டு பஸ் மாறவேண்டும்.

8

இந்த வாதத்தின் பலவீனமான இடத்தையும் சொல்லிவிடவேண்டும். நல்ல தரை கொடுத்துவிட்டேன், ஆகவே அடைத்தது சரி என்று இதைத் திருப்பிவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் திருப்புவார்கள். முட்டை டப்பாவின் மேல் பச்சைப் புல்லில் நிற்கும் கோழிப் படத்தை அச்சிடுபவர்கள் உட்பட.

1964இல் ரூத் ஹாரிசன் தொழிற்பண்ணை விலங்குகளைப் பற்றிப் புத்தகம் எழுதியதையொட்டி, 1965இல் பிரிட்டனில் பிராம்பெல் குழு ஓர் அறிக்கை தந்தது. ஒரு விலங்குக்கு எழ, படுக்க, திரும்ப, உடம்பைக் கோதிக்கொள்ள, கைகால் நீட்ட இடம் வேண்டும் என்றது. இதிலிருந்து வளர்ந்ததுதான் ஐந்து சுதந்திரங்கள் என்ற கருத்து: பசி, வசதிக்குறைவு, நோய், பயம் ஆகியவற்றிலிருந்து விடுதலை, இயல்பாக நடந்துகொள்ளும் விடுதலை. 2014இல் நம் உச்ச நீதிமன்றம் இந்த ஐந்தையும் 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வாசித்தது. ஜல்லிக்கட்டைத் தடைசெய்த தீர்ப்பு என்று மட்டுமே நாம் அதை நினைவில் வைத்திருக்கிறோம். காளைக்காக மெரினாவில் கூடினோம், பின்னால் சட்டமும் மாறியது. அந்தத் தீர்ப்பில் கோழிக்கும் பொருந்தும் பகுதியை அநேகமாக யாரும் வாசிக்கவில்லை.

அந்த ஐந்தையும் எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தோன்றுவது, எல்லாமே அடைபட்ட பிறகு தரப்படும் சுதந்திரங்கள் என்பதே. வெளியேறும் சுதந்திரம் அதில் இல்லை. இருக்கவும் முடியாது, இருந்தால் பண்ணையே இல்லை. ஆகவே தரை என்பது விடுதலைக்கு ஈடான விலை அல்ல. விலை கொடுத்து வாங்கிவிட்டால் பொருள் நமதாகிவிடும். இங்கே எதுவும் நமதாவதில்லை. வட்டி மட்டும் கட்டிக்கொண்டே இருக்கிற கடன் இது. அசல் தீராது. ஒருநாள் கட்டாவிட்டால் மறுநாள் கண்ணெரியும்.

அடைத்தது சரியா என்று கேட்டால் ஆம் என்று என்னால் சொல்லமுடியாது. எத்தனை அடைக்கலாம் என்பதற்கு மட்டும் ஒரு விடை வைத்திருக்கிறேன். ஆழ்கூளத்தில் ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி போதும் என்பது வளர்ப்புக் கணக்கு. என் நூற்றிருபது சதுர அடியில் அறுபது கோழி வரும். ஆனால் அடைமழைக் காலத்தில், தினமும் ஒருமுறை, வேலைக்கு உட்காரும் முன் என் இரண்டு கைகள் முழுத் தரையையும் கிளறி முடிக்கவேண்டும். அதற்கு ஏற்றது இருபதுதான். கொக்கியின் இந்தப் பக்கம் இருக்கும் கைகளை வைத்து எண்ணிக்கையை முடிவுசெய்வது, இடத்தை வைத்து முடிவுசெய்வதைவிட நேர்மையானது என்று நினைக்கிறேன். விடுதி கட்டுபவருக்கும், முதியோர் இல்லம் நடத்துபவருக்கும், சிறைக்கு ஆளெடுக்கும் அரசுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எத்தனை பேருக்குப் படுக்கை இருக்கிறது என்பதை மட்டும் எண்ணாமல், எத்தனை பேருக்கு முன்னால் மண்டியிட உங்களிடம் ஆள் இருக்கிறது என்றும் எண்ணுவது.

மழை நின்று தை வெயில் ஏறிய பிறகு கூளத்தை வாரும் வேலை இருக்கிறது. ஓராண்டு முதிர்ந்த கூளத்தில் தழைச்சத்து மூன்று சதவீதம் வரை இருக்கும். இரண்டு மாதம் குவித்து ஆறவிட்டுக் கத்தரிக்கும் மல்லாட்டைக்கும் போடலாம். எல்லாவற்றையும் வாரிவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்கை அப்படியே விட்டு, அதன்மேல் புது உமி பரப்பவேண்டும். நல்லதும் கெட்டதுமாக அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே அடுத்த ஆண்டின் தரையைத் தொடங்கிவைக்கும். பளிச்சென்று முழுசாகத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினால், அடுத்த மழைக்குள் கூளம் பழகாது.